அக்கா சிபாரிசு செய்த பேய்ப் படங்கள்

நோங் கே கிராமம், சிசகேட்
புத்த ஆண்டு 2528, மார்ச் 4

அன்புள்ள லம்துவன் அக்காவுக்கு,

கேசோன் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான். வெயில் ஏறினால் போய்விடும் என்கிறாள்.

நீ பாங்காக்குக்குத் தையல் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சொங்கிரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அம்மா இப்போதே உன் பாயை வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். கட்டாயம் வா.

நான் இன்னும் ஊர் ஊராகப் போய்த் திரை கட்டிப் படம் போடும் பெரியப்பாவின் பட வண்டியில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. படச்சுருளைத் திருப்பிச் சுற்றுவதும் அறுந்த இடத்தை ஒட்டுவதும் என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஆனால் தொழில் நன்றாக இல்லை அக்கா. ஊரில் வீடியோ கடை வந்துவிட்டது. காதல் படம் போட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். எல்லோரும் பேய்ப் படம்தான் கேட்கிறார்கள். நேற்று பெரியப்பா சொன்னார்:

“உங்க அக்கா ஞாயித்துக்கிழமை தவறாம சினிமாவுக்குப் போறாளாம்ல? எது நல்லாப் பயமுறுத்துதுன்னு கேட்டு எழுது. தூங்கிட்டிருக்கிறவன்கூட எந்திரிச்சு ஓடணும். அந்தப் படம் பாங்காக்குல ஓடி முடிஞ்சதும் நாம எடுத்துக்கலாம்.”

அதனால் கேட்கிறேன். உனக்குப் பிடித்த பேய்ப் படங்களை எழுது. தபால் பெட்டி எண் மட்டும் போதாது, உன் கடையின் விலாசத்தையும் எழுது. பெரியப்பா அந்தப் பக்கம் வந்தால் உன்னைப் பார்ப்பார்.

உன் நினைவாகவே இருக்கும்,
கேசோன்

*

பாங்காக்
மார்ச் 27

அன்புத் தங்கை கேசோனுக்கு,

அக்கா உங்களை நினைத்தபடி எழுதுகிறேன். நான் மிக நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. முதலாளியம்மா எங்களைச் சொந்தப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறார். கடிதத்தில் எழுத்துப் பிழை வரக்கூடாது என்று இப்போதுகூடப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தபால் பெட்டிக்கு எழுதினால் போதும், கடிதம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என்னோடு வேலை செய்யும் பயோமும் சினிமாவுக்குப் போகிறோம். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றால் அது ‘வாழைத்தோப்பு மருமகள்’. ஒரு விவசாயி புதிதாகக் கல்யாணம் செய்து வருகிறான். அவன் தோப்பில் ஒரு வாழை மரம் இருக்கிறது. அதில் ஒரு பெண் பேய் குடியிருக்கிறது. அதன் சிரிப்பு முதலில் தூரத்தில் கேட்கும். அப்புறம் ஜன்னலில். அப்புறம் கட்டிலுக்கு அடியில். காற்றில் வாழையிலை கிழியும் சத்தம் வந்தால் அவள் வருகிறாள் என்று அர்த்தம். மூன்றாவது காட்சிக்குள் பழகிவிடும், ஊசிகூட நடுங்காது.

இதில் அருமையான திருப்பம் ஒன்று உண்டு. மனைவியும் பேயும் ஒரே பெண்! அவளேதான் அழுகிறாள், அவளேதான் சிரிக்கிறாள். கணவன் கடைசிவரை கண்டுபிடிப்பதில்லை. இதைப் பெரியப்பா யாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

சொங்கிரானுக்கு வர முடியாது போலிருக்கிறது. பள்ளிச் சீருடை தைக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. அம்மா என் பாயை எடுத்து உள்ளே வைத்துவிடட்டும். சம்பளம் முதலாளியம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடு.

அன்புடன்,
லம்துவன்

*

நோங் கே
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை எழுது.

பண்டிகை முடிந்தது. பாங்காக்கில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நீ மனம் மாறி வந்துவிடுவாயோ என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றேன். அம்மாவின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கும்போது உன் பங்கையும் நானே ஊற்றினேன். “இது லம்துவன் ஊத்துன தண்ணி. கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் வீட்டுக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

‘வாழைத்தோப்பு மருமகள்’ மழைக்கு முன் நமக்குக் கிடைக்குமாம். நீ எழுதியதைப் படித்துவிட்டுப் பெரியப்பா விளம்பரத் துணி வரைய ஆள் பிடித்துவிட்டார். ஆனால் நீ எழுதியதில் ஒரு குறை இருக்கிறது என்கிறார்.

“பேய்க்கு என்ன கலர் துணி? பச்சையா, செவப்பா? மூஞ்சி எப்படி, பல்லு வெளிய தெரியுதா? உங்க அக்கா ஒண்ணுமே எழுதலையே. சத்தத்தையா நான் துணியில வரைய முடியும்?”

எழுது அக்கா. முடி எவ்வளவு நீளம் என்றும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கேசோன்

*

பாங்காக்
மே 26

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

பேயின் துணி என்ன நிறம் என்று நான் கவனிக்கவில்லை. பயமான இடங்களில் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளையாகத்தான் இருக்கும் என்கிறாள் பயோம்.

இப்போது அதைவிட நல்ல படம் வந்திருக்கிறது. பெயர் ‘ஏழாம் நாள் சோறு’. இறந்த தாய் ஏழாம் நாள் தன் குழந்தைக்குச் சோறு போட வீட்டுக்கு வருகிறாள். நாய்கள் ஒவ்வொன்றாக ஊளையிட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும். அந்த அமைதியில் சோற்றுப் பானையின் மூடி மெல்லத் திறக்கும். அகப்பை அடிப்பானையைச் சுரண்டும். அவ்வளவுதான். அதற்கே எங்களுக்கு முதுகு சில்லிட்டுவிடும்.

அவள் தாலாட்டுப் பாடும் இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. “வா கண்ணே” என்று தொடங்கியதும் பாட்டு ஒரு துள்ளு துள்ளி, “ணே ணே பால் தருவேன்” என்று வேறெங்கோ போய்விடும். பேய்க்கு விக்கல் வந்தது போல. ஒவ்வொரு காட்சியிலும் அதே இடத்தில் விக்கும். கூட்டமே சிரிக்கும். நான் இப்போது அதை விக்கலோடுதான் பாடுகிறேன்.

‘தலை மட்டும் வந்தாள்’ என்ற படத்தைப் பெரியப்பா எடுக்கவே வேண்டாம். பாதிப் படம் ஒன்றுமே நடப்பதில்லை. பூச்சிச் சத்தம்தான். ஏன் எல்லோரும் அலறுகிறார்கள் என்றே தெரியவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

லம்துவன்

*

நோங் கே
ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாள்.

‘வாழைத்தோப்பு மருமகள்’ வந்துவிட்டது. தெற்குத் தெருக்காரர் ஒருவருடைய மகன் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் கறுப்புச் சீட்டு எடுத்துத் தப்பித்துவிட்டான். அப்படித் தப்பித்தால் ஊர்க்காவல் தாத்தாவின் ஆவிக்குப் படம் போட்டுக் காட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வழக்கம் போல முன்வரிசை நாற்காலிகளைத் தாத்தாவுக்கும் அவர் பரிவாரத்துக்கும் காலியாக விட்டோம். பூசாரிக்குத்தான் மனமில்லை.

“ஏம்ப்பா, தாத்தாவுக்குப் போய் பேய்ப் படமா? வயசானவரு. பயந்துட்டா யாரு பொறுப்பு?”

பெரியப்பா விடவில்லை. “அவரே ஆவிதானே. சொந்தக்காரங்க கதைன்னு ஆசையாப் பாப்பாரு. நீ கம்முனு உக்காரு.”

நல்ல கூட்டம். கடைசியில் பூசாரிதான் முதலில் எழுந்து ஓடினார்.

ஆனால் அக்கா, அவர்கள் இரண்டு பெண்கள். மனைவி குட்டையாக, வட்ட முகத்தோடு இருக்கிறாள். பேய் உயரம், பச்சைத் துணி கட்டியிருக்கிறது. இருவரும் எதிரெதிரே நின்று பேசும் காட்சிகூட இருக்கிறது. மனைவி பேய்க்கு மாலை போட்டு, என் புருஷனை விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். நீ சொன்ன திருப்பம் வரும் என்று நான் கடைசிவரை காத்திருந்தேன். படப்பெட்டி கொண்டுவந்த ஆளிடம் பெரியப்பா கேட்டார். “ரெண்டு பேருக்கும் ஒரே பொம்பளதான் குரல் குடுத்திருக்கா. ஆள் கூலிய மிச்சம் புடிச்சிருக்காங்க” என்றான்.

“உங்க அக்கா தியேட்டர்ல நல்லாத் தூங்கியிருக்கா” என்று பெரியப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அவர்களை எப்படி ஒருத்தி என்று நினைத்தாய்?

கவலையோடு,
கேசோன்

*

பாங்காக்
ஜூலை 29

கேசோனுக்கு,

நான் நலம். அன்று தியேட்டரில் தூங்கிவிட்டேன். அதில் கேட்க ஒன்றுமில்லை.

சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது நேரத்தை வீணாக்குவது என்று முதலாளியம்மா சொல்கிறார். அது சரிதான். இனி அம்மாவின் உடல்நிலையை மட்டும் எழுது. பெரியப்பா என்னைப் பார்க்க வர வேண்டாம். எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

லம்துவன்

*

நோங் கே
ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். நீங்கள் உபோனில் நலமாக இருப்பீர்கள், ஜெனரேட்டரைப் பழுது பார்க்கும் வேலையும் நல்லபடி நடக்கும் என்று நம்புகிறேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

அக்கா ஒரு படத்தையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவள் கடிதங்களை மறுபடி படித்தேன். சிரிப்பு, இலை கிழியும் சத்தம், பானை மூடி, நாய். ஒரு முகம் இல்லை, ஒரு நிறம் இல்லை. ‘தலை மட்டும் வந்தாள்’ படத்தில் பாதி ஒன்றுமே நடப்பதில்லை என்று எழுதியிருந்தாள். நீங்கள் அவள் பேச்சைக் கேட்காமல் எடுத்துப் போட்டீர்களே, அந்தப் பாதியில்தான் தலை சத்தமில்லாமல் ஜன்னல் ஜன்னலாக மிதந்து வருகிறது. சனம் செருப்பை விட்டுவிட்டு ஓடியது அங்கேதான். மூன்றாவது காட்சிக்குள் ஊசிகூட நடுங்காது என்றும் எழுதியிருக்கிறாள். சினிமாவுக்குப் போகிறவள் கையில் ஊசி எதற்கு? ஒரே படத்துக்கு மூன்று காட்சி எதற்கு?

நேற்று ‘ஏழாம் நாள் சோறு’ பெட்டி வந்தது. சாவு வீட்டில் இரவு கண்விழிக்க வருகிறவர்களுக்குப் போடும் முன் சுற்றிப் பார்த்தேன். தாலாட்டு வரும் இடத்தில் சுருள் அறுந்ததை ஒட்டியிருக்கிறார்கள், அவசரத்தில், கோணலாக. மெஷினில் ஓட்டிக் கேட்டேன். “வா கண்ணே, ணே ணே பால் தருவேன்.” அக்கா எழுதியது அப்படியே வந்தது.

அவள் கேட்டது இதே பிரதி, பெரியப்பா. இது எந்தத் தியேட்டரில் அறுந்தது என்று ஏஜென்டுக்குத் தெரிந்திருக்கும். அக்கா அந்தத் தியேட்டர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்க்க முடியாதபடி அவளை யாரோ வைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது நானே நாலு வரி சேர்த்துக்கொண்டேன்.

பணிவுடன்,
கேசோன்

*

தோன்புரி, பாங்காக்
ஆகஸ்ட் 31

கண்ணு கேசோனுக்கு,

பெரியப்பா சுகம். ஜெனரேட்டருக்குத்தான் சுகமில்லை, அது கிடக்கட்டும். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நீ நினைத்தது சரி. அந்தப் பிரதி அறுந்தது தோன்புரியில் ஒரு பழைய தியேட்டரில். அங்கேயே ஒட்டி, அங்கேயே ஓட்டி முடித்து, நேராக நம் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். அந்த விக்கல் பாங்காக்கில் வேறு எங்கும் கேட்டிருக்காது.

போனேன். ஆபரேட்டர் பெயர் சாவியன், நல்ல பையன், நானும் இதே தொழில்காரன் என்று தெரிந்ததும் உள்ளே கூட்டிப் போனான். இடது பக்கச் சுவரின் அடியில் மாலை, ஊதுபத்தி, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா.

“என்ன தம்பி இது?”

“அந்தப் பக்கம் போகாதீங்கண்ணே. சுவத்துக்குள்ள பொண்ணுங்க இருக்குதுங்க. ஆவி. பாட்டு வந்தா கூடவே பாடும். காட்சி முடிஞ்சா அழும். வாரா வாரம் சோடா வச்சு சமாதானம் பண்றோம்.”

“யாரும் போய்ப் பாக்கலையா?”

“ஆவியப் போய் யாருண்ணே பாப்பாங்க?”

நானும் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன், கண்ணு. தெருவில் நூடுல்ஸ் வாங்கி ஒரு வாய் வைத்த பிறகுதான், அது ஆவி இல்லை, நம் பிள்ளை என்று உறைத்தது. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பவும் தியேட்டருக்குள் ஓடினேன். சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒரு பெண்பிள்ளை அதட்டும் குரல் கேட்டது. அதற்கு மேல் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. என்னால் அவர்களுக்கு அடி விழுந்தால்?

பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம். ஜன்னல் எல்லாம் பலகை அடித்திருக்கிறது. ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போய் மணி அடித்தேன். திறக்க நேரமாயிற்று. முதலாளியம்மா சிரித்த முகமாக ஐஸ் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே வரிசையாகத் தையல் மெஷின். ஆள் ஒருத்தர் இல்லை. ஒரு மெஷினில் மட்டும் விளக்கு அணைக்காமல் இருந்தது.

“பொண்ணுங்கல்லாம் சினிமாவுக்குப் போயிருக்காங்க” என்றாள்.

நான் லம்துவனின் கடிதத்தை நீட்டினேன். போலீஸ்காரர் படித்துவிட்டு என் கையிலேயே திணித்தார்.

“இதுலயும் அதத்தானே எழுதியிருக்கா? சந்தோஷமா இருக்கேன், சினிமா பாக்குறேன்னு. அந்தப் பொண்ணு தன் வாயால ‘அடைச்சு வச்சிருக்காங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கதவ ஒடைக்கிறேன். அதுவரைக்கும் என்னை அலைய வைக்காத பெருசு.”

இருட்டும்வரை எதிரே நின்றேன். சினிமாவுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

லம்துவன் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் அந்த முதலாளியம்மா படிக்கிறாள். நாம் எழுதுவதையும்தான். எப்படி அவளைச் சொல்ல வைப்பது? எனக்கு மூளை ஓடவில்லை. நான் ஆபரேட்டர் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். நீ யோசி.

பெரியப்பா புன்தோம்

*

நோங் கே
செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன்னைச் சொந்த மகள் போலப் பார்த்துக்கொள்ளும் முதலாளியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். பெரியப்பா உன்னைப் பார்க்க வந்தாராம். நீ சினிமாவுக்குப் போயிருந்தாய் என்று கேட்டுத் திருப்தியாகிவிட்டார். நான் முன்பு தேவையில்லாமல் கேள்வி கேட்டதை மன்னித்துவிடு. நான் படிப்பை விட்டவள்தானே, ஒன்றைச் சொன்னால் ஒன்பதாகப் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஒருமுறை மட்டும் சினிமா பற்றி எழுத முதலாளியம்மாவிடம் அனுமதி கேள். நீ எனக்கு எத்தனையோ படங்களைச் சொல்லிவிட்டாய். இப்போது நான் உனக்கு ஒன்று சொல்கிறேன். ‘நெசவுப் பேய்கள்’. கட்டாயம் பார்.

ஒரு வீடு. அதற்குள் பெண் பேய்கள் இரவும் பகலும் தறி நெய்கின்றன. ஒரு சூனியக்காரி அவர்களை அடைத்து வைத்திருக்கிறாள். அவர்கள் உள்ளே அழுதாலும் வெளியே சிரிப்பாகத்தான் கேட்கும், அப்படி ஒரு மந்திரம். ஒரு பேயின் தங்கை மட்டும் அது அழுகை என்று கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் மாமா ஒரு மந்திரவாதியைக் கூட்டி வருகிறார். ஆனால் மந்திரவாதி சொல்கிறார்: “அந்தப் பேய் தன் வாயால நான் இங்க இருக்கேன்னு சொன்னாத்தான் கதவ ஒடைப்பேன்.”

இந்த இடத்தில் மழை வந்துவிட்டது. திரையைச் சுருட்டிவிட்டோம். பெட்டியும் திரும்பிப் போய்விட்டது. முடிவு தெரியாமல் எனக்குத் தூக்கமே வருவதில்லை. பேய்கள் மொத்தம் எத்தனை? அந்தப் பேய் பேசுகிறதா? உள்ளே போக நல்ல வழி எது? உன் தியேட்டரில் இது ஓடினால் பார்த்துவிட்டு எழுது.

அதில் வரும் தங்கையை எனக்குப் பிடித்திருந்தது. பயந்தவள்தான். ஆனாலும் வாசலை விட்டுப் போகமாட்டாள்.

உன்,
கேசோன்

*

பாங்காக்
அக்டோபர் 14

அன்புத் தங்கை கேசோனுக்கு,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். முதலாளியம்மா பெரிய மனதோடு இந்த ஒரு கடிதத்துக்கு அனுமதி கொடுத்தார். பேய்ப் படம் பைத்தியக்காரத்தனம் என்று தலையில் அடித்துக்கொண்டு, மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்.

நீ சொன்ன படத்தைப் பார்த்தேன். நீ மழையில் எழுந்துபோனது நல்லதுதான், இயக்குநர் சொதப்பிவிட்டார்.

பேய்கள் ஏழு. முதலில் எட்டு இருந்தன. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று படத்தில் சொல்லவில்லை.

மந்திரவாதி முன்வாசலில் மணி அடித்து வருகிறார். அங்கேதான் தவறு. மணி அடித்தாலே சூனியக்காரி பேய்களை எல்லாம் மாடிக்கு விரட்டித் தண்ணீர்த் தொட்டி அறையில் அடைத்துவிடுவாள். வருகிறவர் தறியை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். நான் இயக்கியிருந்தால் பிக்குகளின் மழைக்காலத் தவம் முடியும் பௌர்ணமியை வைத்திருப்பேன். அன்று அவள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் புண்ணியம் தேடக் கோயிலுக்குப் போகிறாள், சாயங்காலம்தான் வருவாள். பக்கத்து நாடகக் கொட்டகையின் கூரையிலிருந்து இந்தக் கூரைக்கு ஒரு தாவல்தான். அங்கே தகரக் கதவு, பழைய பூட்டு. மதியக் காட்சியின் அலறல் நேரத்தில் உடைத்தால் தெருவில் யாருக்கும் கேட்காது.

பேய் பேசுகிறதா என்று கேட்டாய். பேசுகிறது. மெதுவாகப் பேசுவதால் மழையில் உனக்குக் கேட்டிருக்காது. அது சொல்வது இதுதான்: “நான் இங்கதான் இருக்கேன். சீக்கிரம் வாங்க.”

லம்துவன்

*

தந்தி
அக்டோபர் 24

பெரியப்பாவுக்கு. படத்தின் முடிவு வந்தது. ஏழு பேர். பௌர்ணமி மதியக் காட்சி. தியேட்டர் கூரை வழி. மணி அடிக்க வேண்டாம். அக்கா கடிதம் தபாலில் வருகிறது. கேசோன்.

*

பெண்கள் காப்பகம், பாங்காக்
நவம்பர் 6

கேசோன்,

எனக்கு உடம்பு சரியில்லை. ஆனால் எழுத முடிகிறது. இங்கே ஒரு அம்மா தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அரை நாள் வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா என் கடிதத்தைக் காட்டியதும் போலீஸ்காரர், “இது ஏதோ சினிமாக் கதையில்ல?” என்றாராம். பெரியப்பா அவரோடு மல்லுக்கட்டவில்லை. சாவியனிடம் போயிருக்கிறார். “தொழில்ல உன் மூத்தவன் கேக்குறேன், வருவியா?” என்று கேட்டாராம். அந்தப் பையன் கழுத்தில் இருக்கும் தாயத்தை எல்லாம் ஒரு தடவை தொட்டுக்கொண்டு, “வரேண்ணே. ஆனா முன்னாடி நீங்க போங்க” என்றானாம்.

நாங்கள் கீழே தைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இல்லாத ஒரு சத்தம் வந்தது. மேலே தகரம் மிதிபடும் சத்தம். எல்லோரும் படிக்கட்டு ஏறி ஓடினோம். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடுங்கும் குரலில் ஒருவன் கேட்டான்:

“அம்மா... நீங்க... உயிரோடதானே இருக்கீங்க?”

பயோம் கத்தினாள். “செத்தவங்களை யாராவது பூட்டி வைப்பாங்களாய்யா? ஒடை!”

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. எனக்கு யார் முகமும் தெரியவில்லை. பெரியப்பாவின் இருமல் மட்டும் தெரிந்தது. அந்தப் பையன் இரும்புக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு எங்கள் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டான். “மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு ஊதுபத்தி கொளுத்திட்டேன்” என்று அழுதான்.

கீழே தியேட்டரில் படம் நிற்கவில்லை. நாங்கள் ஏழு பேரும் கூரை தாண்டி, ஆபரேட்டர் அறை வழியாக இறங்கி, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் நடுவே நடந்து போனோம். முன்வரிசையில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்து அலறியது. அப்புறம்தான் போலீஸ் வந்தது. முதலாளியம்மாவைக் கோயிலிலிருந்து பூப்பையோடு நேராக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் வந்த எட்டாவது பெண்ணை இன்னும் தேடுகிறார்கள். தினமும் கேட்கிறேன். தெரியவில்லை என்கிறார்கள்.

வாக்குமூலம் எழுதி வாங்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி பஸ் ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் காலை சிசகேட்டில் இருப்பேன்.

கேசோன், முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், பேன். நடந்தால் ஒரு பக்கம் சாய்கிறேன். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இதில் எதையும் அம்மாவிடம் சொல்லாதே. அவள் பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம். என்ன பொய் சொல்லியாவது வீட்டில் நிறுத்திவை. நீ மட்டும் வா. முதலில் நீ என்னைப் பார். அவசரமில்லாமல் நன்றாகப் பார்த்துக்கொள். அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் பேசி வைத்துக்கொள்வோம்.

அக்கா